எண்ணந் திருந்த இயல்பு திருந்தும்

சைவ வித்தியாசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியர்காள்! "எனக்குக் கணக்கு வராது" என்னுஞ் சொல்லைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலே நாம் நாடோறுங் கேட்கின்றோம். இதனைச் சொல்லும் மாணாக்கன் தன் அறிவின் அளவை எடுத்துரைப்பவன் போலத் தோன்றுகின்றான். ஆராயுமிடத்து, அவன் உரைப்பது தன்னைப்பற்றித் தானே எழுதிக்கொண்ட ஒரு தீர்ப்பாம். அத்தீர்ப்பை மெய்யெனக் கொண்டமையால் அவன் கணக்கிலே முயலான். முயலாமையால் அவனுக்குக் கணக்கு வாராது. வாராமை கண்டு தன் தீர்ப்பு மெய்யேயென மீளவுந் துணிவான். இவ்வட்டத்தை எவ்விடத்தில் அறுப்பது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

நம் சித்தாந்த நூல்கள் அந்தக்கரணங்களை நான்காக வகுத்துக் கூறுதலை ஆசிரியர் அறிவர். ஒன்றைச் சிந்திப்பது சித்தம். அதனைப் பற்றி அதுவோ இதுவோ என ஐயுறுவது மனம். யானென எழுவது அகங்காரம். இஃது இன்னதென நிச்சயிப்பது புத்தி. ஆன்மாவோ இக்கரணங்களின் வேறாயது. இவ்வகுப்பினின்று வகுப்பறைக்குக் கொள்ளத்தக்க பயன்கள் இரண்டுள. உள்ளத்தில் ஓரெண்ணந் தோன்றுதல் வேறு, அதனை உண்மையென நிச்சயித்தல் வேறு என்பது ஒன்று. எண்ணம் வேறு, எண்ணுகின்ற மாணாக்கன் வேறு என்பது மற்றொன்று. ஆதலின், எண்ணத்தைக் கண்டிக்கலாம், திருத்தலாம், அதன்பொருட்டு மாணாக்கனை இகழ்தல் வேண்டுவதில்லை.

யாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்து எப்பிக்தெத்தசு என்னும் ஞானியின் பெயரைக் கேட்டறிந்தோம். அடிமையாயிருந்து பின் விடுதலை பெற்ற அவர், நிகழ்ச்சிகளினும் அவற்றைப்பற்றி நாங் கொள்ளுங் கருத்தே நம்மைக் கலக்குகின்றதெனப் போதித்தார். இக்கருத்தை மருத்துவ முறையாக்கினாருள் முதன்மையானவர் அமெரிக்க மனநோய் வைத்தியர் ஆரன் பெக் (1921–2021). 1960களிலே பிலடெல்பியா நகரில் மனச்சோர்வுற்றோரை ஆராய்ந்த அவர், தம்மையும் உலகத்தையும் எதிர்காலத்தையும் இழித்து நோக்கும் எண்ணங்கள் அன்னோரிடத்துத் தாமாகவே விரைந்தெழுதலைக் கண்டார். அவ்வெண்ணங்களை எழுதிவைத்து, அவற்றுக்குச் சான்று யாது, எதிர்ச்சான்று யாது என வினாவி, செயலாலுஞ் சோதித்தறியும்படி பழக்கினார். பலருக்குச் சோர்வு தணிந்தது.

அற்றேல், இது வைத்தியர்க்கே உரிய வித்தையன்றோ, ஆசிரியர்க்கு என்னையெனின், கூறுதும். பாகிஸ்தான் தேசத்து ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களிலே மனச்சோர்வுற்ற 903 கர்ப்பிணிப் பெண்களை வைத்து நடாத்திய சோதனையொன்றின் முடிபு 2008 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு சாரார்க்குக் கிராமச் சுகாதார ஊழியர் வழமைபோலச் சென்று வந்தனர். மற்றொரு சாரார்க்கோ, எண்ணத்தை ஆராய்ந்து மாற்றும் முறையிற் சிறிது பயிற்சிபெற்ற அத்தகைய ஊழியரே 16 முறை சென்று உரையாடினர். இவ்வூழியர் இடைநிலைக் கல்வியே பெற்றவர். மனநோய் வைத்தியம் முன்னர் அறியாதவர். பிள்ளை பிறந்து ஆறு மாதத்தின் பின் பார்த்தபொழுது, முதற்சாராரில் நூற்றுக்கு 53 பேர் இன்னும் நோயுற்றிருந்தனர். இரண்டாஞ்சாராரில் நூற்றுக்கு 23 பேரே அவ்வாறிருந்தனர். இதனால், பொறுமையுடைய சாதாரண மனிதரும் இவ்வுதவியைச் செய்யவல்லரென்பது பெறப்படும்.

எண்ணம் ஒரு நாளிலே மாறிவிடுமோ எனின், மாறாது. இரணைமடுக் குளத்து நீர் துருசைத் திறந்ததும் பழகிய வாய்க்காலிலேயே ஓடும். வேறு வயலுக்கு நீர் வேண்டுமாயின், புதிய வாய்க்கால் வெட்டல் வேண்டும்; வெட்டியதும் போதாது, புல்லும் மண்ணும் தூராவண்ணம் ஆண்டுதோறும் துப்புரவு செய்தல் வேண்டும். எண்ணமும் அத்தகைத்தே. அமெரிக்காவிலே ஏறக்குறைய 12,000 மாணாக்கரிடத்துச் செய்து 2019 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அறிவு முயற்சியால் வளருமென்பதனை ஒரு மணிநேரத்துக்குட்பட்ட பாடத்தாற் கற்பித்தனர். பின்தங்கிய மாணாக்கரின் புள்ளிகள் சிறிதே உயர்ந்தன. உடன்பயில்வோரும் கடினமான பாடத்தை விரும்பியேற்கும் பாடசாலைகளிலே அப்பயன் நிலைத்தது. ஒரு சொற்பொழிவால் எல்லாம் மாறுமென்பார் கூற்றை நம்பாதொழிக.

இனி, வன்னிக்குச் சிறப்பாயதொரு தடையை நோக்குவாம். 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் யுத்தம் முடிவுற்றபின் ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் வைக்கப்பட்டிருந்தனர். இன்று நம் வகுப்புகளிலிருப்போரிற் பெரும்பாலோர் அதன்பின் பிறந்தவர். ஆயினும், "எங்கள் விதி இவ்வளவே" என்னும் பெற்றோர் வாய்ச்சொல் பிள்ளைகளிடத்துப் பாரம்பரியச் சொத்தாய் வந்துள்ளது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே முகாமிலிருந்த மாணாக்கர் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர் என்பதனையும் இப்பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும். இரண்டும் ஒரே முகாமின் வரலாறே.

விதியை மறுத்தல் சைவத்துக்கு ஒவ்வுமோ எனின், திருக்குறளின் அமைப்பை நோக்குக. ஊழ் என்னும் அதிகாரத்தால் அறத்துப்பாலை முடித்த ஆசிரியரே, பொருட்பாலில் ஆள்வினையுடைமை என முயற்சிக்கு ஓரதிகாரம் வகுத்தனர். வினைப்பயனுண்டு என்பது ஒருவன் முயலாதிருத்தற்குக் காரணமாகாது. முயற்சியும் ஒரு வினையே, அதற்கும் பயனுண்டு.

இம்முறைக்கு எல்லையுமுண்டு. அதனை மறந்தால் நன்மையே தீமையாய் முடியும். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலிற் போராட்டந் தொடங்கினர். அத்தகைய தாயொருத்தியை நோக்கி "உன் எண்ணத்தை மாற்று" என்பவன் கொடியன். அவள் துயரம் எண்ணப்பிழையன்று. விடைபெறாத வினாவினால் வந்தது. அங்ஙனமே பசித்த பிள்ளைக்கு உணவும், கரும்பலகையிலுள்ளது புலப்படாத பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடியும், வீட்டில் அடிபடும் பிள்ளைக்குப் பாதுகாப்புமே முதற்கண் வேண்டப்படுவன. சாவைப்பற்றிப் பேசும் பிள்ளையைத் தனியே விடாது, அன்றே வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லல் கடன்.

வகுப்பிலே கைக்கொள்ளத்தக்க முறை வருமாறு:

முதலாவது, மாணாக்கன் சொல்லை அவன் கையாலேயே எழுதுவிக்க. உள்ளே கிடந்த எண்ணம் கடதாசியில் வந்தவுடன் ஆராயத்தக்க பொருளாகின்றது.

இரண்டாவது, சான்று கேட்க. "எந்தக் கணக்கு வராது? கூட்டல் வருமா? பின்னம் எவ்விடத்தில் தடுக்கின்றது?" என வினாவின், எல்லாக் கணக்கும் என்றது பின்னத்தைக் கழித்தல் என்னும் ஓரிடத்திற் சுருங்கிவிடும்.

மூன்றாவது, மெய்யான மாற்றுவாக்கியம் ஒன்றை அவனையே அமைக்கச் செய்க. "நான் கணக்கிற் சூரன்" என்பது பொய். அதனை அவனே நம்பான். "பின்னக் கழித்தல் இன்னும் பிடிபடவில்லை, பகுதியைச் சமமாக்கப் பழகினால் பிடிபடும்" என்பது மெய்.

நான்காவது, அன்றைக்கே செய்யத்தக்க சிறு செயலொன்றை விதிக்க. மூன்று கணக்குகள் போதும். செயலே எண்ணத்துக்குப் புதிய சான்று தருவது.

ஐந்தாவது, புகழுமிடத்து முறையறிந்து புகழ்க. 1998 இல் வெளிவந்த முல்லர், டுவெக் என்பாரது ஆராய்ச்சியில், கெட்டிக்காரரெனப் புகழப்பெற்ற பிள்ளைகள் கடினமான வேலையிலே தவறியபின் ஊக்கங் குன்றினர். முயற்சிக்காகப் புகழப்பெற்றோர் தளராது தொடர்ந்தனர்.

இறுதியாக ஒன்று. மாணாக்கன் எண்ணத்தை ஆராய்வார் தம்மெண்ணத்தையும் ஆராய்தல் வேண்டும். "இந்தக் கிராமத்துப் பிள்ளைகளிடத்து இவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்" என ஆசிரியர் இருப்பறையிலே நாஞ் சொல்லுஞ் சொல்லும், "எனக்குக் கணக்கு வராது" என்பதனோடு ஒருவயிற்றுப் பிறந்ததே. அதற்கும் சான்று கேட்க. எந்தப் பிள்ளை? எந்தப் பாடம்? எத்தனை நாள் அருகிருந்து கற்பித்தோம்? அவ்விடைகளை எழுதிக்கொண்டு, வருந் திங்கட்கிழமை வகுப்பிற் பின்வாங்கிலிருக்கும் பிள்ளையொருவனைத் தெரிந்து, மேற்கூறிய முறையை ஒரு தவணை முழுதும் அவனிடத்துப் பயின்று பார்க்க. ஆசிரியர் எண்ணமும் மாணாக்கன் எண்ணமும் ஒருங்கே திருந்துமிடத்து, அவ்வகுப்பின் இயல்புந் திருந்தும்.