ரிமோட் அணைந்தால் வண்டி நிற்குமா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய சர்க்யூட் படத்தைப் பார்த்தேன். தோப்புக்குள் மருந்துக் கேன் சுமக்கும் வண்டிக்கு நீ எடுத்திருக்கும் மோட்டாரும் பேட்டரியும் சரிதான். ரிமோட்டையும் நானே செய்யப்போகிறேன் என்கிறாயே, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு என்ஆர்எஃப்24 ரேடியோ மாட்யூல், ஒரு டப்பா என்று, அதை மட்டும் விட்டுவிடு. கற்றுக்கொள்ள நல்ல வேலைதான். ஆனால் இந்த வண்டி ஆள்மேல் ஏறினால் கால் முறியும். உன் மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் வேறு.

விமானம் விடுகிற பையன்கள் வைத்திருப்பார்களே, ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6, அந்த மாதிரி ஒன்று போதும். பழையது கிடைத்தாலும் வாங்கு. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைவரிசை மாறி மாறிப் பேசும். தன்னோடு இணைத்த ரிசீவருக்குத்தான் கட்டளை போகும். பக்கத்துத் தோப்பில் இன்னொருவர் ரிமோட்டை எடுத்தாலும் உன் வண்டி அசையாது.

ரிசீவரின் ஒவ்வொரு சேனலிலும் வருவது சர்வோவுக்கான பல்ஸ். கிட்டத்தட்ட 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை வரும். ஸ்டிக் ஒரு கோடியில் இருந்தால் அகலம் 1000 மைக்ரோசெகண்ட், மறுகோடியில் 2000, நடுவில் 1500. இதை மல்டிமீட்டரால் அளந்து ஏமாந்துவிடாதே. 3.3 வோல்ட் பல்ஸ் மீட்டரில் கால் வோல்ட்டாகத்தான் தெரியும், ஏனென்றால் மீட்டர் சராசரியைக் காட்டுகிறது. ஈஎஸ்பி32-க்குக் கொடுக்கப்போகிறாய் என்றால் பல்ஸின் உச்சி 3.3-ஐத் தாண்டுகிறதா என்பதை காலேஜ் லேபில் ஆசிலோஸ்கோப் வைத்துப் பார். தாண்டினால் இரண்டு ரெசிஸ்டரில் இறக்கிக் கொடு. ஆர்டுயினோ ஊனோ என்றால் அந்தக் கவலை இல்லை.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம். பல்ஸை அளக்க எல்லாரும் முதலில் எடுப்பது ஆர்டுயினோவின் பல்ஸ்இன் ஃபங்ஷன். எளிது, மேசைமேல் அழகாக வேலை செய்யும். ஆனால் பல்ஸ் வரும்வரை அது வேறு வேலை பார்க்காது. நீ நேரம் குறித்துக் கொடுக்காவிட்டால் ஒரு முழு விநாடி காத்திருக்கும். ரிசீவர் ஒயர் கழன்றுவிட்டது என்று வை. நான்கு சேனலுக்கு நான்கு விநாடி, அதுவரை மோட்டார் பழைய கட்டளையிலேயே ஓடும். அதற்கப்புறம் நடப்பது இன்னும் மோசம். பல்ஸ்இன் பூஜ்யம் தரும். அதை மேப் ஃபங்ஷனில் போட்டு 1000-2000 என்பதை மைனஸ் 255 முதல் 255 வரை மாற்றினால் மைனஸ் 765 வரும். கன்ஸ்ட்ரெயின் ஃபங்ஷன் அதை மைனஸ் 255-இல் வெட்டும். அதாவது முழு வேகத்தில் ரிவர்ஸ்! ஒயர் கழன்றதும் வண்டி பின்னால் நிற்கிறவன்மேல் பாயும். புரோகிராமில் எந்த எழுத்துப் பிழையும் இருக்காது, கம்பைலரும் வாயே திறக்காது.

ஆகவே இன்டரப்டில் அளந்துகொள். ஊனோவில் இரண்டாம், மூன்றாம் பின்கள் அதற்கு வாகானவை. 4 மைக்ரோசெகண்ட் துல்லியம் கிடைக்கும், வண்டிக்கு அது தாராளம். ஒவ்வொரு பல்ஸும் எப்போது வந்தது என்பதையும் குறித்துவை. 900-க்குக் கீழோ 2100-க்கு மேலோ வந்தால் தூக்கிப் போடு. 100 மில்லிசெகண்ட் பல்ஸே வரவில்லை என்றால் மோட்டாரை நிறுத்து.

அதுவும் போதாது. ரிமோட் அணைந்ததும் சில ரிசீவர்கள் பல்ஸை நிறுத்தும். சில கடைசி நிலையையே பிடித்துக்கொண்டு பல்ஸைத் தொடர்ந்து அனுப்பும். இரண்டாவது வகையில் உன் 100 மில்லிசெகண்ட் கணக்கு செல்லாது. ரிமோட் மெனுவில் ஃபெயில்சேஃப் இருக்கும். ஐந்தாம் சேனலை ஒரு சுவிட்சுக்குக் கொடுத்து, அலை அறுந்தால் அந்தச் சேனல் 1000-க்குப் போகும்படி அமைத்துவிடு. அது 1700-க்கு மேல் இருந்தால்தான் மோட்டார் சுற்றும் என்று புரோகிராமில் எழுது. இத்தனைக்கும் மேலே, கைக்கு எட்டும் இடத்தில் பேட்டரி லைனிலேயே ஒரு பெரிய சிவப்பு ஸ்விட்ச் வேண்டும். மென்பொருளை நம்பு, ஆனால் அதை மட்டும் நம்பாதே.

ஸ்டிக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலான ரிமோட்டில் இடது ஸ்டிக் விட்ட இடத்திலேயே நிற்கும். அது விமானத்தின் த்ராட்டிலுக்காக. வண்டிக்கு வலது ஸ்டிக்கை எடுத்துக்கொள். கை எடுத்தால் ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவரும், வண்டியும் நிற்கும். நடு என்பது சரியாக 1500 ஆக இருக்காது. முன்பின் 30 விட்டுவிட்டு அதற்கப்புறம் வேகத்தைத் தொடங்கு.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மோட்டாரின் இழுப்பு மைக்ரோகண்ட்ரோலரை ரீசெட் செய்யாதபடி தனி 5 வோல்ட் ரெகுலேட்டர் வை, கிரவுண்ட் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும்.

முதல் ஓட்டத்துக்கு முன் வண்டியைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, சக்கரம் சுற்றும்போதே ரிமோட்டை அணைத்துப் பார். அடுத்து ரிசீவர் ஒயரைப் பிடுங்கிப் பார். அந்த இரண்டு வீடியோவையும் எனக்கு அனுப்பு. தோப்பில் ஓடுகிற வீடியோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நடைமுறையில் எப்போதும் ரிமோட்டை முதலில் போடு, வண்டியை அப்புறம். அணைக்கும்போது வண்டி முதலில். உன் அம்மாவிடம் இந்த மாதம் ஊருக்கு வருவேன் என்று சொல்லிவை. என்னிடம் சும்மா கிடக்கும் ரிமோட் ஒன்றைக் கொண்டுவருகிறேன். நான்கு பென்சில் பேட்டரி மட்டும் நீ வாங்கி வை.

அன்புடன்,
மாமா