படத்தில் இல்லாத அம்மா
(19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒரு போர்வீரரின் மனைவி)



வரலாற்றுப் பாடத்தில் போர் என்றாலே நாம் என்ன படிக்கிறோம்? எந்த வருஷம் நடந்தது, யாருக்கும் யாருக்கும் நடந்தது, காரணங்கள் யாவை, விளைவுகள் யாவை. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அது போதும். ஆனால் போரில் இறந்துபோன சிப்பாயின் வீட்டில் மறுநாள் அடுப்பு எரிந்ததா, பிள்ளைகளை யார் வளர்த்தார்கள் என்று எந்தக் கேள்வித்தாளிலும் கேட்பதில்லை. அதனால்தான் இந்த முறை அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் போர் பற்றிச் சுருக்கமாக

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. அடிமை முறையை விட மாட்டோம் என்று தெற்கில் 11 மாநிலங்கள் பிரிந்து போயின. நாடு பிரியக் கூடாது என்று ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் தலைமையில் வட மாநிலங்கள் போரிட்டன. கடைசியில் வடக்கு வென்றது, அடிமை முறை ஒழிந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து இறந்த வீரர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். துப்பாக்கிக் குண்டை விட நோயால் இறந்தவர்களே அதிகம்.

இதுவரை பாடப் புத்தகத்தில் இருக்கிறது. இனிமேல் வருவது இல்லை.

கையில் இருந்த படம்

1863 ஜூலை 1, 2, 3 தேதிகளில் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்ற சின்ன ஊரில் பெரும் சண்டை நடந்தது. முதல் நாள் சண்டையில் வடக்குப் படை வீரர் ஒருவர் ஊருக்குள்ளேயே அடிபட்டு இறந்து கிடந்தார். அவர் யார், எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள எந்த அடையாளமும் இல்லை. ஆனால் அவர் கையில் ஒரு படம் இருந்தது. கண்ணாடித் தகட்டில் எடுத்த படம். அதில் மூன்று சின்னப் பிள்ளைகள்.

அந்தப் படம் பிலடெல்பியா நகர டாக்டர் ஜான் பிரான்சிஸ் போர்ன்ஸ் என்பவர் கைக்குப் போனது. அந்தக் காலச் செய்தித்தாளில் புகைப்படத்தை அச்சிட வழியில்லை. அதனால் படத்தில் இருப்பதை வார்த்தையிலேயே வர்ணித்து, 1863 அக்டோபரில் பத்திரிகையில் போட்டார்கள். இவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று கேட்டு வந்த அந்தச் செய்தியை மற்றப் பத்திரிகைகளும் எடுத்துப் போட்டன. இரண்டு பையன்கள், ஒரு பெண். சின்னவன் நடுவில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். பெரியவனின் சட்டையும் தங்கையின் கவுனும் ஒரே துணி.

அந்த ஒரே துணி என்ற விவரத்தைக் கவனியுங்கள். தைத்தது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். மீந்த துணியை வீணாக்காமல் இரண்டு பேருக்கும் தைத்துப் போடுவது எந்த நாட்டு அம்மாவுக்கும் தெரிந்த வேலைதானே!

நியூயார்க் மாநிலத்தில் போர்ட்வில் என்ற சிற்றூர். அங்கே ஃபிலிண்டா ஹியூமிஸ்டன் என்ற பெண்மணி நான்கு மாதமாகக் கணவரிடமிருந்து கடிதம் வராமல் தவித்துக்கொண்டிருந்தார். நவம்பர் மாதம் அந்தச் செய்தி வந்த பத்திரிகை அவரிடம் போய்ச் சேர்ந்தது. படிக்கப் படிக்க அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் படத்தை எடுத்துக் கணவருக்கு அனுப்பியதே அவர்தான். டாக்டருக்குக் கடிதம் போனது, படத்தின் நகல் திரும்பி வந்தது. சந்தேகமே இல்லை. இறந்தவர் சார்ஜென்ட் ஆமோஸ் ஹியூமிஸ்டன். குதிரைச் சேணம் செய்கிற தொழிலாளி. பிள்ளைகள் பிராங்க் (8), ஆலிஸ் (6), பிரெட் (4).

அதே நவம்பரில், 19-ஆம் தேதி, லிங்கன் கெட்டிஸ்பர்க் கல்லறைத் தோட்டத்தில் புகழ்பெற்ற உரையை ஆற்றினார். அந்த உரை நமக்குத் தெரியும். அந்த மாதத்தில்தான் ஃபிலிண்டாவின் வீட்டுக்குச் சாவுச் செய்தி வந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபிலிண்டாவுக்கு இது முதல் இழப்பு இல்லை. ஆமோஸைக் கல்யாணம் செய்வதற்கு முன்பே, சின்ன வயதில் ஒரு கணவரை இழந்தவர் அவர். இது இரண்டாவது தடவை.

எட்டு டாலர் கணக்கு

சரி, அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. 1862 ஜூலை 14-ஆம் தேதி ஓய்வூதியச் சட்டம் ஒன்று வந்தது. வடக்குப் படையில் சேர்ந்து போரினால் இறந்தவரின் மனைவிக்கு மாதாமாதம் பணம் உண்டு. எவ்வளவு என்று பாருங்கள்:

சாதாரணச் சிப்பாய், சார்ஜென்ட் மனைவிக்கு: 8 டாலர்
கேப்டன் மனைவிக்கு: 20 டாலர்
லெப்டினென்ட் கர்னல், அதற்கு மேல் உள்ளவர் மனைவிக்கு: 30 டாலர்

உயிரோடு இருந்தபோது சிப்பாயின் சம்பளம் மாதம் 13 டாலர், சார்ஜென்டுக்கு 17 டாலர். அவர் இறந்த பிறகு வீட்டுக்கு வருவது 8. மூன்று பிள்ளை இருந்தாலும் எட்டு, பிள்ளையே இல்லாவிட்டாலும் எட்டுதான். 1866-இல்தான் 16 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 2 டாலர் கூடுதலாகக் கொடுக்கச் சட்டம் வந்தது. மனைவிக்கான தொகை எட்டிலிருந்து பன்னிரண்டு ஆனது 1886-இல். அதற்குள் போரின்போது பிறந்த குழந்தைகளுக்கே இருபது வயது தாண்டிவிட்டது!

தெற்குப் படை வீரர்களின் மனைவிகளுக்கு இந்தப் பணமும் இல்லை. பின்னாளில் தென் மாநிலங்கள் தாங்களாகக் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தன.

நிரூபி, நிரூபி!

எட்டு டாலரும் சும்மா வந்துவிடாது. மனுப் போட வேண்டும். கணவர் படையில் இருந்தார், போரினால்தான் இறந்தார், நான் அவருடைய சட்டப்படியான மனைவி, இவர்கள் எங்கள் பிள்ளைகள், இன்ன தேதியில் பிறந்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேண்டும். இப்போது போலப் பிறப்புச் சான்றிதழ் எல்லாருக்கும் கிடையாது. பைபிளின் நடுவே உள்ள தாளில் கல்யாணம், பிறப்பு, இறப்பு எழுதி வைப்பது அங்கே வழக்கம். பல பெண்கள் அந்தத் தாளையே கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அவை இன்றும் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பணத்துக்காகக் குடும்பத்தின் ஒரே பதிவையும் கொடுக்க வேண்டியிருந்தது.

கறுப்பின வீரர்களின் மனைவிகள் நிலைமை இன்னும் மோசம். வடக்குப் படையில் ஏறக்குறைய 1,80,000 கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமைகளின் கல்யாணத்தைத் தென் மாநிலச் சட்டங்கள் கல்யாணமாகவே ஏற்கவில்லை. அப்படியானால் மனைவி என்று எப்படி நிரூபிப்பது? 1864-இல் ஒரு வழி செய்தார்கள். கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள் என்று சாட்சி சொன்னால் போதும். ஆனால் போரில் ஊரே சிதறிப்போன பிறகு சாட்சிக்கு ஆள் தேடி அலைந்ததும் அந்தப் பெண்கள்தான்.

இதோடு முடியவில்லை. 1882-இல் வந்த சட்டப்படி, கணவரை இழந்தவர் வேறு ஆணோடு கல்யாணமில்லாமல் வாழ்ந்தால் ஓய்வூதியம் நின்றுவிடும். விசாரணை அதிகாரிகள் வந்து அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். ஆகாத பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருந்தால் போதும், அந்தப் பெண்ணின் பாடு திண்டாட்டம்தான்.

ஊசியும் நூலும்

எட்டு டாலர் போதாது. என்ன வேலை செய்யலாம்? அந்தக் காலத்துப் பெண்களுக்கு இருந்த வேலைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. தையல், துணி துவைத்தல், வீட்டு வேலை, வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விட்டுச் சாப்பாடு போடுவது. படித்திருந்தால் டீச்சர் வேலை.

ஃபிலிண்டா எடுத்தது ஊசியைத்தான். போர்ட்வில்லில் துணி தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். தையலில் கூலி மிகக் குறைவு. பிலடெல்பியாவில் இராணுவச் சீருடை தைத்த பெண்கள், இடையில் இருக்கும் காண்டிராக்டர்கள் கூலியைக் குறைக்கிறார்கள் என்று லிங்கனிடமே முறையிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், கணவர் போட்டுக்கொண்டு செத்த சீருடையை, வயிற்றுப் பாட்டுக்காக மனைவி தைக்கிறாள்.

இல்லத்துக்குப் போன குடும்பம்

ஹியூமிஸ்டன் பிள்ளைகளின் படம் நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டது. நகல்கள் விற்றன. அவர்களைப் பற்றி ஒரு பாட்டுக்கூட வந்தது. அந்தப் பணத்தையும் நன்கொடையையும் சேர்த்து டாக்டர் போர்ன்ஸும் மற்றவர்களும் 1866-இல் கெட்டிஸ்பர்க்கிலேயே போர்வீரர்களின் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் திறந்தார்கள்.

இங்கே ஒரு விஷயம். அந்த இல்லங்களை 'அனாதை இல்லம்' என்றுதான் சொன்னார்கள். ஆனால் அங்கிருந்த பல பிள்ளைகளுக்கு அம்மா இருந்தார். அப்பா இல்லையென்றாலே அனாதை என்று எழுதிவிடுவார்கள். அம்மாவால் சோறு போட முடியாததால் பிள்ளையைக் கொண்டு வந்து விட்டிருப்பார். பெற்றவள் உயிரோடு இருக்கும்போதே பிள்ளை அனாதை!

ஃபிலிண்டா என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டுத் தான் ஊரில் இருந்துவிடவில்லை. கூடவே போனார். அந்த இல்லத்திலேயே வேலை பார்த்தார். கணவர் இறந்து விழுந்த அதே ஊரில், ஒரே கூரையின் கீழ், தன் மூன்று பிள்ளைகளோடு மற்றப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு மூன்று வருஷம் இருந்தார்.

1869-இல் ஆசா பார்ன்ஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெக்கெட் என்ற ஊருக்குப் போய்விட்டார். மறுமணம் என்றால் அவருக்கு ஓய்வூதியம் போச்சு! சட்டம் அப்படி. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உரிய பணம் மட்டும், நீதிமன்றம் நியமிக்கும் காப்பாளர் கைக்கு வரும். கணவரை இழந்த பெண்ணுக்கு இரண்டே வழி. தனியாக இருந்து எட்டு டாலர் வாங்கலாம், அல்லது கல்யாணம் செய்து அதை விடலாம். தன் உழைப்பால் நிமிர்ந்து நிற்க மூன்றாவது வழியை யாரும் போட்டு வைக்கவில்லை.

அவர் போன பிறகு அந்த இல்லத்துக்குக் கெட்ட காலம். 1870-இல் பொறுப்புக்கு வந்த ரோசா கார்மைக்கேல் என்பவர் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தினார் என்ற வழக்கில் 1876-இல் தண்டனை பெற்றார். பணத்தைக் கையாடியதாக டாக்டர் போர்ன்ஸ் மேலேயே குற்றச்சாட்டு எழுந்தது. 1877-இல் இல்லத்தை மூடிவிட்டார்கள். எந்தப் பிள்ளைகளின் முகத்தைக் காட்டிப் பணம் திரட்டினார்களோ, அந்த மூவரும் அதற்கு முன்பே அம்மாவோடு வெளியேறிவிட்டார்கள். அங்கேயே இருந்த மற்றப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அம்மா இல்லை.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

பெரியவன் பிராங்க் டார்ட்மவுத் கல்லூரியில் படித்தார். பிறகு மருத்துவம் படித்து நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ஜாஃப்ரி ஊரில் டாக்டர் ஆனார். சின்னவன் பிரெட் வியாபாரத்துக்குப் போனார். ஆலிஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, 1933 வரை வாழ்ந்தார். ஃபிலிண்டா 1913-இல் இறந்தார். கெட்டிஸ்பர்க் சண்டைக்குச் சரியாக ஐம்பது வருஷம் கழித்து.

ஆமோஸுக்குக் கெட்டிஸ்பர்க்கில் 1993-இல் நினைவுச் சின்னம் வைத்தார்கள். நல்ல விஷயம், வைக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கெட்டிஸ்பர்க் சண்டை மூன்று நாள் நடந்தது. ஃபிலிண்டாவின் சண்டை அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் நடந்தது. அதற்குத் தளபதி கிடையாது, பதக்கம் கிடையாது. அந்தப் படத்தில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அதைப் பிடித்திருந்த கை அப்பாவுடையது. எடுத்து அனுப்பிய அம்மா மட்டும் படத்தில் இல்லை. அடுத்த முறை போர்ப் பாடம் படிக்கும்போது, இறந்தவர் எத்தனை பேர் என்ற எண்ணைப் பார்த்தால், அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை வீடுகள் என்றும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்ப்போம்.

உங்களுக்குத் தெரியுமா?

* 1865 மார்ச் 4-இல் இரண்டாம் முறை பதவியேற்றபோது, போரைத் தாங்கியவரையும் அவர் மனைவியையும் பிள்ளையையும் காப்பது நாட்டின் கடமை என்று லிங்கன் பேசினார்.
* 1890-இல் சட்டம் தளர்ந்தது. 90 நாள் படையில் இருந்தவர் எப்படி இறந்திருந்தாலும், வசதியில்லாத மனைவிக்கு ஓய்வூதியம் கிடைத்தது.
* உள்நாட்டுப் போருக்கான கடைசி ஓய்வூதியத்தைப் பெற்றவர் ஐரீன் டிரிப்லெட். ஒரு போர்வீரரின் மகள். அவர் பிறந்தபோது அப்பாவுக்கு வயது 83! மாதம் 73 டாலர் 13 சென்ட் வாங்கிவந்தார். 2020 மே 31-இல் அவர் இறந்த பிறகுதான் அந்தக் கணக்கு முடிந்தது. போர் முடிந்து 155 வருஷம் கழித்து!

யோசித்துப் பதில் எழுதுங்கள்

1. ஒரு சார்ஜென்டின் மனைவிக்கு 16 வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகள். 1866 சட்டத்துக்கு முன்பும் பின்பும் மாதம் எவ்வளவு கிடைத்திருக்கும்?
2. கேப்டன் மனைவிக்கு 20, சிப்பாய் மனைவிக்கு 8. பசி எல்லாருக்கும் ஒன்றுதானே? இது சரியா, தவறா? காரணம் கூறுக.
3. மறுமணம் செய்தால் ஓய்வூதியம் நிறுத்தலாமா? வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து விவாதிக்கவும்.

(பதில்களைத் தனித்தாளில் எழுதி, வரலாற்று ஆசிரியரிடம் கொடுக்கவும். நல்ல பதில் அடுத்த இதழில் இடம்பெறும்.)