கோழிப்பண்ணையும் கண் சிவப்பும்: ஒரு வைரஸின் இரு புரதங்கள்

நாமக்கல் வட்டாரப் பண்ணைகளிலிருந்து எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் சிலர், "குஞ்சுகளுக்குச் சொட்டு மருந்து விட்டேன், மறுநாளே ஒரு கண் சிவந்துவிட்டது" என்பர். உடன் வந்தவர்களின் அச்சம் வேறு: இது பறவைக் காய்ச்சலா? வீட்டில் மற்றவர்க்கும் பரவுமா?

பெரும்பாலும் இதற்குக் காரணம் இராணிக்கேட் நோயின் வைரஸாகும். ஊரில் இந்நோயை வெள்ளைக்கழிச்சல் என்பர். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்ட இந்நோய், பின்னர் இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கேட்டில் காணப்பட்டதால் நம் நாட்டில் அப்பெயர் பெற்றது. லசோட்டா போன்ற தடுப்பு மருந்துகளில் இருப்பது வீரியம் குறைந்த உயிருள்ள வைரஸே. கையிலோ சாரலிலோ உள்ள துளி கண்ணில் பட்டால் தொற்று ஏற்படலாம்.

வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவுவது அதன் இணைவுப் புரதம். ரசத்தின் மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகள் ஒன்றாவது போல, வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் அது ஒன்றாக்குகிறது. ஆனால், ஒரு நொதி அப்புரதத்தை வெட்டினால்தான் அது செயல்படும். வீரியமுள்ள வைரஸின் புரதத்தை உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உள்ள ஃபியூரின் நொதி வெட்டிவிடும். எனவே கோழியின் உடல் முழுதும் நோய் பரவுகிறது. தடுப்பு மருந்து வைரஸின் புரதத்தை மூச்சுப்பாதை, குடல் போன்ற சில இடங்களில் உள்ள நொதிகளே வெட்டும்.

இன்னொன்று மேட்ரிக்ஸ் புரதம். சவ்வின் உட்புறத்தில் நின்று புதிய வைரஸ்களை உருவாக்க உதவுவது இதன் பணி. எனினும், தொற்றின் தொடக்கத்தில் இது செல்லின் உட்கருவுக்குள் செல்கிறது. அங்கே செல்லின் மரபணுச் செயல்பாட்டைத் தணிப்பதாக ஆய்வுகள் கருதுகின்றன. இந்த வைரஸ் உட்கருவுக்கு வெளியே பெருகுவதால், அத்தணிப்பு அதனைப் பாதிப்பதில்லை.

அவ்வாறாயின் மனிதரிடம் நோய் ஏன் கண்ணோடு நின்றுவிடுகிறது? நம் செல்கள் இன்டர்ஃபெரான் என்னும் தற்காப்புப் பொருளைச் சுரக்கின்றன. பறவைச் செல்களில் அதனை அடக்கும் திறன் இவ்வைரஸுக்கு உண்டு. மனிதச் செல்களில் அத்திறன் மிகக் குறைவு. ஆகவே கண் சிவப்பும் நீர்வடிதலும் பொதுவாக ஒரு வாரத்தில் தாமாகவே தணியும். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதாக அறியப்படவில்லை.

நாங்கள் கேட்டுக்கொள்வன இவை:

மருந்து விடும்போது கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். சோப்பால் கை கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். துளி தெறித்தால் உடனே தூய நீரால் கண்ணைக் கழுவுங்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருத்துவரைக் கேளாமல் வாங்கி இடாதீர்கள். பார்வை மங்கல், கடும் வலி, வெளிச்சத்தைக் காணக் கூச்சம் ஆகியவை இருந்தால் தாமதியாது கண் மருத்துவரிடம் வாருங்கள்.

புற்றுநோய்க்கு மருந்து பெறுவோரும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் தடுப்பு மருந்துப் பணியைத் தவிர்க்க வேண்டும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் இவ்வைரஸ் அரிதாகக் கடும் நோயை உண்டாக்கியதுண்டு.

கோழிகள் திடீரெனக் கூட்டமாக இறந்தால் கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள். பறவைக் காய்ச்சலும் அவ்வாறே தோன்றக்கூடும். அத்துடன் உங்களுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால், "கோழிப்பண்ணையில் வேலை செய்கிறேன்" என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு செய்தி, சரியான பரிசோதனையை உடனே தொடங்க எங்களுக்கு உதவும்.