குட்டி ரயில் இன்ஜின்

மூணாறில் ஓடிய ரயில்

சூரியநெல்லி ஒரு மலை ஊர். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தமிழ் பேசும் தொழிலாளர்கள் பலர் இங்கு வாழ்கிறார்கள். இங்கிருந்து மூணாறு போக பஸ் உண்டு. ஜீப் உண்டு. ரயில் இல்லை. ஆனால் அந்த மூணாறில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது!

1902ஆம் ஆண்டு அங்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியை மாடுகள் இழுத்தன. 1908இல் இரண்டு அடி அகல ரயில் பாதை வந்தது. அதில் நீராவி இன்ஜின் ஓடியது. ரயில் மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் போகும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வே கம்பியில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடிநாயக்கனூர் போய்ச் சேரும்.

1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. மீண்டும் அங்கு பாதை போடவில்லை. மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த இன்ஜினின் சக்கரம் ஒன்று இருக்கிறது. ஒரு சக்கரத்தை வைத்து முழு இன்ஜினையும் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? அதனால்தான், ஓடும்போதே ஒரு பொருளுக்கு மாதிரி செய்து வைப்பது நல்லது.

பொம்மையும் மாதிரியும்

பொம்மைக்கு எந்த வண்ணமும் பூசலாம். மாதிரி அப்படி அல்ல. உண்மை இன்ஜின் எப்படி இருக்கிறதோ, அப்படியே இருக்க வேண்டும்.

நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள்வோம். இது 1899இல் மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கியது. 1908இல் ஊட்டி வரை நீண்டது. 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இதன் ‘எக்ஸ்’ வகை நீராவி இன்ஜின்கள் முதலில் சுவிட்சர்லாந்தில் இருந்து வந்தன. பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் புதிய இன்ஜின்கள் கட்டினார்கள்.

இந்தப் பாதையின் அகலம் 1 மீட்டர். அதாவது 1000 மில்லிமீட்டர். இன்ஜினை 50இல் ஒரு பங்காகச் செய்தால், மாதிரிப் பாதையின் அகலம் 20 மில்லிமீட்டர். மற்ற பாகங்களையும் இதே கணக்கில் குறைக்க வேண்டும்.

வண்ணம் பூசும் முறை

1. முதலில் உண்மை இன்ஜினைப் பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் படம் எடுத்து வைக்க வேண்டும்.

2. மாதிரியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வண்ணம் உரிந்து வரும்.

3. பிறகு பிரைமர் பூச வேண்டும். சக்கரம் தண்டவாளத்தில் படும் இடத்திலும், அசையும் தண்டுகளின் மூட்டிலும் வண்ணம் படக் கூடாது. பட்டால் இன்ஜின் ஓடாது.

4. வெளிர் நிறத்தை முதலில் பூச வேண்டும். கறுப்பைக் கடைசியில் பூச வேண்டும். ஒரே தடவையில் கனமாகப் பூசினால் ஆணித் தலைகள் மறைந்துவிடும். மெல்லியதாக இரண்டு, மூன்று தடவை பூச வேண்டும். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் காய வேண்டும்.

5. எண்ணைக் கடைசியில் எழுத வேண்டும். நீலகிரி ‘எக்ஸ்’ இன்ஜின்களின் எண் 37 என்று தொடங்கும். ஐந்து இலக்கம் இருக்கும். எந்த இன்ஜினைப் பார்த்துச் செய்தோமோ, அதன் எண்ணையே எழுத வேண்டும்.

தின்னர் ஆவி உடலுக்குக் கெடுதல். எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வேலை செய்யக் கூடாது.

அழுக்கும் அழகுதான்

உழைக்கும் இன்ஜின் பளபளப்பாக இருக்காது. புகைபோக்கியைச் சுற்றிக் கரி படியும். சக்கரத்தின் மேல் எண்ணெயும் தூசியும் ஒட்டும். பிரேக் கட்டையின் அருகே துரு நிறத் தூள் இருக்கும். காய்ந்த தூரிகையில் கொஞ்சம் வண்ணம் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, லேசாகத் தடவினால் இவை வந்துவிடும். படத்தில் அழுக்கு இல்லாத இடத்தில் பூசக் கூடாது.

இன்னும் ஒன்று. நீலகிரியில் நிலக்கரியில் ஓடும் இன்ஜின் உண்டு. எண்ணெயில் ஓடும் இன்ஜினும் உண்டு. எண்ணெய் இன்ஜின் மாதிரியில் நிலக்கரியைக் கொட்டி வைத்தால் அது தவறு. நாளை பார்க்கிற பிள்ளை அதையே உண்மை என்று நம்பும்.

பதில் எழுதுங்கள்

1. மூணாறு ரயில் பாதை எந்த ஆண்டு அழிந்தது?
2. பொம்மைக்கும் மாதிரிக்கும் என்ன வேறுபாடு?
3. மூணாறு ரயில் பாதையின் அகலம் 24 அங்குலம். 24இல் ஒரு பங்காக மாதிரி செய்தால், பாதையின் அகலம் எவ்வளவு?
4. உங்கள் ஊரில் இப்போது மறைந்து வரும் பொருள் எது? அதைப் பார்த்து ஒரு படம் வரையுங்கள். அதன் நீளம், அகலம், நிறம் மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள்.