மரத்துக்கு வயது கேட்காதீர்கள்

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா வைத்த தோட்டத்தில் மூன்று மாமரம், ஒரு பலா, இரண்டு புளியமரம் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மாமரங்களுக்கு முந்நூறு வயது என்று ஊரில் சொல்கிறார்கள். காஞ்சிபுரம் கோயில் மாமரத்துக்கு 3,500 வயது என்றால் இதுவும் இருக்கலாம்தானே? வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? இவை எங்கிருந்து வந்திருக்கும்?
– வாசகர், கீழ்பென்னாத்தூர்

பதில்: மரத்தைப் பார்த்து வயதைச் சொல்ல நம்பகமான வழி கிடையாது. குளிர்நாட்டு மரங்கள் ஆண்டுக்கு ஒருமுறை வளர்ந்து ஒருமுறை ஓய்வதால் ஆண்டுக்கு ஒரு வளையம் போடுகின்றன. நம் ஊர் மா ஒரே ஆண்டில் இரண்டு மூன்று தடவை துளிர்க்கும். அதுவும் ஒரு கிளை துளிர்க்கும்போது இன்னொரு கிளை சும்மா இருக்கும். வளையத்தை எண்ணி ஒன்றும் தெரியாது. சுற்றளவும் ஏமாற்றும். கிணற்றோரத்து மரம் சில பத்தாண்டுகளில் பருத்துவிடும்; மேட்டு நிலத்தில் தண்ணீருக்குத் தவிக்கிற மரம் தலைமுறை கடந்தும் ஒல்லியாகவே நிற்கும். வீட்டுப் பெட்டியில் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மாவடை, மரவடை என்று எழுதுகிற இடத்தில் மரங்களையும் எண்ணிக் குறிப்பது அந்தக் கால வழக்கம். ஊர்ப்பேச்சைவிடத் தேதி போட்ட அந்தக் காகிதம் நல்ல சாட்சி.

காஞ்சிபுரத்துக் கணக்கை விட்டுவிடுங்கள். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துக்குச் சொல்லப்படும் 3,500 ஆண்டு தலத்தின் பெருமைக்கான எண். மாமரத்தின் ஆயுள் எவ்வளவு நீண்டாலும் நூறுகளில்தான், ஆயிரங்களுக்குப் போகாது. ஆனால் அந்த மரத்தைப் பற்றிய இன்னொரு செய்தி எனக்கு வயதைவிடப் பெரிதாகப் படுகிறது. நான்கு கிளைகள், நான்கு வேதங்கள், நான்கு சுவைகள் என்கிறார்கள். விதையிலிருந்து வந்த ஒற்றை மரம் தானாக நான்கு சுவையில் காய்க்காது, ஒட்டுக்கட்டினால் காய்க்கும். உத்தரப்பிரதேசத்து மலிஹாபாதில் கலீமுல்லா கான் ஒரே மரத்தில் சுமார் 300 ரக மாவை ஒட்டுக்கட்டிக் காய்க்கவைத்தார். 2008இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு மரத்தின் தலையில் இன்னொரு மரத்தின் உடலை வாழவைக்கலாம் என்பதுதான் பழமரங்களின் வரலாற்றுக்கே அச்சாணி. ஆகவே நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது, இது கொட்டை போட்டு வந்த மரமா, ஒட்டு மரமா என்பது.

அதை நீங்களே பார்த்துவிடலாம். அடிமரத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள், பட்டையின் நிறமும் சொரசொரப்பும் சட்டென்று மாறுகிறதா, ஒரு முண்டு துருத்திக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். இருந்தால் ஒட்டு மரம்; ரகம் சொல்லி யாரோ கொண்டுவந்து நட்டது. தண்டு ஓங்கி, வெகு உயரத்தில் கிளை பிரிந்து, முண்டு எதுவும் இல்லாமல் நின்றால் பெரும்பாலும் கொட்டை மரம். முதலாவதாக இருந்தால் உங்கள் மரத்துக்கு உடன்பிறப்புகள் ஏராளம். இரண்டாவதாக இருந்தால் உலகத்தில் அது ஒன்றுதான் உண்டு.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நம் பக்கத்து மா ரகங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டைக்குள் ஒரே ஒரு கரு இருக்கிறது. அதற்குத் தாய் யார் என்று தெரியும், தகப்பன் யார் என்று தெரியாது. ஈ எந்த மரத்துப் பூவிலிருந்து மகரந்தம் கொண்டுவந்ததோ அதுதான் தகப்பன். அதனால்தான் பங்கனப்பள்ளிக் கொட்டையை ஊன்றினால் பங்கனப்பள்ளி வருவதில்லை. கேரளத்து ஒளூர், சந்திரக்காரன் போன்றவை விதிவிலக்கு. அவற்றின் ஒரு கொட்டையிலிருந்து பல கன்று முளைக்கும், பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும். நம் கொல்லைகளில் நிற்கும் நாட்டு மாவுக்கு அந்த வசதி இல்லை. அது விழுந்தால் அந்த ஊறுகாய்ப் பிஞ்சு, அந்தப் புளிப்பு, பழத்தின் அந்த நார் எல்லாம் அதோடு போயிற்று. மாறாக நீலம், மல்கோவா, இமாம்பசந்த் என்று நாம் பெயர் சொல்லி வாங்கும் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு காலத்தில் முளைத்த ஒரே மரத்தின் உடல்தான். குச்சி குச்சியாக வெட்டப்பட்டு ஊர் ஊராகப் போயிருக்கிறது. லக்னோவுக்கு அருகே தசேரி கிராமத்தில் தசேரி மாவின் தாய்மரம் இன்னும் நிற்கிறது. அந்த மரத்தின் வழியையும் நம் நீலத்தையும் சேர்த்துத்தான் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஆம்ரபாலியையும் மல்லிகாவையும் உருவாக்கியது.

உங்கள் பலாவைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பலாவும் விதைக்கு விதை மாறும். பண்ருட்டி அருகே பணிக்கன்குப்பத்துப் பலாவிலிருந்து தேர்ந்தெடுத்து, ஒட்டுக்கட்டிப் பெருக்கியதுதான் பாலூர் 1 ரகம். கர்நாடகத்தில் துமகூரு மாவட்டத்து பரமேஷா என்ற விவசாயியின் தோட்டத்தில் அவருடைய தந்தை சித்தப்பா வைத்த ஒரு பலா செம்பு நிறச் சுளை கொடுத்தது. பெங்களூரு இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 2017இல் அவரோடு ஒப்பந்தம் போட்டு, அந்த மரத்திலிருந்து ஒட்டுக்கன்றுகள் உருவாக்கி ‘சித்து’ என்று பெயர் வைத்தது. விற்பனைத் தொகையில் முக்கால் பங்கு மரத்துக்காரருக்கு. வீட்டுப் பின்னால் நின்ற ஒற்றை மரம் அது. கீழ்பென்னாத்தூரில் நிற்பதும் அப்படி இருக்கக்கூடாதா? தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001இன்படி விவசாயி தன் ரகத்தைத் தன் பெயரிலேயே பதிவுசெய்துகொள்ளலாம்.

கேள்வி: ஒட்டு மரம் சீக்கிரம் பட்டுப்போகும், கொட்டை மரம்தான் நிலைக்கும் என்பது பெரியவர்கள் சொல். பாரம்பரிய மரத்தை ஒட்டுக்கட்டினால் பாரம்பரியம் எங்கே மிஞ்சும்? எங்கள் தோட்டத்தில் பங்கனப்பள்ளி ஒட்டு வைத்தோம். நாலைந்து ஆண்டில் மண் அதன் ஜாதியை மாற்றிவிட்டது, புளிப்புப் பழம்தான் வருகிறது.
– வாசகி, செஞ்சி

பதில்: மண் ஜாதியை மாற்றாது. பழத்தின் பருமன், இனிப்பு, தோல் நிறம் இவை மண்ணாலும் தண்ணீராலும் கூடக் குறையக் கூடும்; பங்கனப்பள்ளி வேறொன்றாக ஆகிவிடாது. உங்கள் தோட்டத்தில் நடந்திருப்பது வேறு. மேலே கட்டிய பங்கனப்பள்ளித் தண்டு ஏதோ ஒரு கோடையில் காய்ந்திருக்கும். கீழே இருந்த வேர்ச்செடி துளிர்த்து மரமாகியிருக்கும். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர்களை முதல் சில ஆண்டுகள் விடாமல் கிள்ளியிருந்தால் இந்த ஏமாற்றம் வந்திருக்காது.

பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கொட்டை மரத்தின் ஆணிவேர் நேராக இறங்கும். தொட்டியிலும் பையிலும் வளர்த்து இடம் மாற்றிய ஒட்டுக்கன்றுக்கு அது சுருண்டுவிடும். அதற்கும் வழி உண்டு. நிலத்திலேயே கொட்டையை ஊன்றி, முளைத்த கன்று பென்சில் கனம் வந்ததும் நின்ற இடத்திலேயே ஒட்டுக்கட்டலாம். வேரும் ஆழமாகப் போகும், ரகமும் கைவிட்டுப் போகாது. ஆனால் பெரியவர்களின் வாதம் மரத்தின் ஆயுளைப் பற்றியது. என் வாதம் ரகத்தின் ஆயுளைப் பற்றியது. இங்கிலாந்தில் சவுத்வெல் என்ற ஊரில் 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி ஊன்றிய ஆப்பிள் விதை மரமானது. பிறகு வீடு கைமாறி மாத்யூ பிராம்லி என்ற கசாப்புக் கடைக்காரரிடம் வந்தது. 1856இல் மெர்ரிவெதர் என்ற பதினேழு வயது நாற்றங்கால் பையன் குச்சி கேட்டான். என் பெயரை வைத்தால் வெட்டிக்கொள் என்றார் பிராம்லி. இன்று அந்த நாட்டின் பெயர்பெற்ற சமையல் ஆப்பிள் பிராம்லிதான். வேரைத் தின்னும் பூஞ்சாணத்தால் அந்தத் தாய்மரம் நலிந்துவிட்டது. ரகத்துக்கோ ஒரு சேதமும் இல்லை. அந்தப் பையன் குச்சி கேட்காமல் போயிருந்தால் மரத்தோடு எல்லாமே முடிந்திருக்கும். விதை ஊன்றிய சிறுமியின் பெயர் பழத்துக்கு வராமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

இன்னொரு ஆட்சேபமும் வரும்: அதிக விளைச்சல் தரும் புது ரகங்கள் இருக்கும்போது பழசை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? ஆம்ரபாலிக்கும் மல்லிகாவுக்கும் பெற்றோர் பழசுதான். பத்துத் தலைமுறை வறட்சியிலும் காய்த்த நாட்டு மாவின் குணம் நாளை எந்த ரகத்துக்கு வேண்டியிருக்கும் என்று இன்று யாருக்கும் தெரியாது. விழுந்த மரத்திடம் போய்க் குச்சி கேட்கவும் முடியாது.

குச்சி எடுப்பதில்தான் கவனம் வேண்டும். கிழட்டு மரத்தில் இளந்துளிர் குறைவு. முதலில் ஒரு கிளையைக் கவாத்து செய்து புதுத் துளிர் வரவிடுங்கள். மூன்று நான்கு மாதம் முற்றிய நுனித்தண்டைத் தேர்ந்தெடுத்து, வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே இலைகளைக் காம்பு விட்டு நறுக்கிவிட வேண்டும். காம்புகள் தானே உதிரும், நுனிமொட்டு உப்பும். அந்தச் சமயம் வெட்டி ஈரத்துணியில் சுற்றினால் பக்கத்து நாற்றங்கால் வரைக்கும் தாங்கும். அங்கே ஆப்பு மாதிரிச் சீவி, பிளந்த கன்றில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். ஆடியிலிருந்து ஐப்பசி வரை, காற்றில் ஈரம் உள்ள மாதங்கள் இதற்குத் தோது. பிளாஸ்டிக் வருவதற்கு முன்பு இந்த வேலை எவ்வளவு பாடு தெரியுமா! தாய்மரத்தடியில் பரண் கட்டி, தொட்டிக் கன்றுகளை அதில் ஏற்றி, கிளையையும் கன்றையும் பக்கத்தில் பக்கமாகச் சீவி ஒட்டவைத்து, இரண்டு மூன்று மாதம் பரணில் ஏறி ஏறித் தண்ணீர் ஊற்றினார்கள். நெருக்கு ஒட்டு என்பது அதுதான். நம் பழைய ஒட்டு மரம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தக் குடத்துத் தண்ணீர் இருக்கிறது.

கேள்வி: சீதாப்பழம் ராமாயண காலத்திலேயே இங்கே இருந்ததாமே? ஐயாவின் கருத்து?
– வாசகர், போளூர்

பதில்: சீதாவின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். கப்பல் வழியாக வந்த பழங்களில் கொய்யா, பப்பாளி, முந்திரி, அன்னாசியோடு இதுவும் ஒன்று. தொல்லியலாளர் கன்னிங்ஹாம் 19ஆம் நூற்றாண்டில் பார்ஹுத்தின் பழைய பௌத்தச் சிற்பங்களில் சீதாப்பழத்தைக் கண்டதாக எழுதினார். ஆனால் கல்லில் செதுக்கிய புடைப்புள்ள உருண்டை பலாவாகவும் இருக்கலாம், தாமரைக் காயாகவும் இருக்கலாம். மிர்சாபூர் மாவட்ட அகழாய்வில் கரிந்த சீதா விதை கிடைத்ததாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது. ஓரிரு இடத்து விதையை வைத்து மட்டும் கடல் கடந்த வரலாற்றைத் திருப்பி எழுத நான் தயாராக இல்லை. எலியும் கறையானும் விதையை மண்ணுக்குள் இறக்கக்கூடியவை. சீதாவை எண்ணி நீங்கள் கவலைப்படவும் வேண்டாம். விதை போட்டாலே ஏறக்குறையத் தாயைப் போலத்தான் வரும்.

வெளியூர்க்காரன் என்பதால் மட்டும் ஒரு மரத்துக்கு மதிப்புக் குறையாது. புளிக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்றுதான் தாவரவியலார் சொல்கிறார்கள். அது இல்லாமல் நம் வீட்டில் குழம்பு கிடையாது. பெரியகுளம் பக்கத்து ஏண்டப்புளியிலிருந்து தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டிய பெரியகுளம் 1 புளி நான்காம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்குகிறது. கீழ்பென்னாத்தூர் வாசகர் கேள்வியில் போகிற போக்கில் சொன்ன இரண்டு புளியமரங்களை நான் மறக்கவில்லை. அடுத்த பங்குனியில் உலுக்கும்போது இரண்டையும் ஒரே குவியலாகப் போடாதீர்கள். தனித்தனியே கொட்டி, ஓடு உடைத்து, எதில் சதை அதிகம், எதில் நார் குறைவு என்று பாருங்கள். தேறுகிற மரத்துக் கிளையில் ஒரு துணி கட்டி வையுங்கள்.