மோசேக்கு வைத்த கல்

(வேதபாடம்: யாத்திராகமம் 17:8–13)



அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. மோசே மலையுச்சியில் கைகளை உயர்த்தி நிற்கிறார். ஜெபத்தைக் குறித்து இப்பகுதியிலிருந்து நானே அநேக பிரசங்கங்கள் செய்திருக்கிறேன். ஆனால் 12-ஆம் வசனத்தில் ஒரு சிறு காரியத்தைப் பல வருஷம் கவனியாமல் போனேன். ஆரோனும் ஊரும் மோசேயின் கைகளைத் தாங்குமுன், ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்து அவரை உட்காரச் செய்தார்கள்.

இதைக் கவனிக்கவைத்தவர் ஆவடியிலுள்ள ஒரு துணிக்கடையில் வேலைபார்க்கும் சகோதரி. தினமும் பத்து மணி நேரம் நிற்கவேண்டும். கால் வீக்கம், இடுப்பு வலி. அவருக்காக ஜெபித்து, "பொறுமையாயிருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார். உங்கள் காணிக்கையால் நடக்கும் பிசியோதெரபி பிரிவின் தம்பியோ, "கடையில் உட்கார ஸ்டூல் இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டார். இல்லையாம். கூட்டமில்லாத நேரத்தில் தரையில் உட்கார்ந்தாலும் சூப்பர்வைசர் திட்டுவாராம்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, இரத்தத்தை இருதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கும். இடுப்புத் தசைகளும் இளைப்பாறுதலின்றி இறுகிப்போகும். இத்தாலிய மருத்துவர் ராமாசினி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளரின் வியாதிகளைப் பற்றி வெளியிட்ட நூலிலேயே, நின்று வேலைசெய்வோரின் காலில் நரம்பு புடைத்துச் சுருட்டிக்கொள்வதை எழுதியிருக்கிறார்.

அதற்காக நாள் முழுதும் உட்காருவது நல்லதென்று எண்ணிவிடவேண்டாம். அம்பத்தூரில் தையல் மெஷின்மேல் குனிந்தே உட்காரும் பெண்களும் இதே வலியோடுதான் வருகிறார்கள். நிற்பதும் உட்காருவதும் சற்று நடப்பதுமாக, நிலை மாறிக்கொண்டிருக்கவேண்டும்.

நின்று வேலைசெய்கிறவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிற்று. கடை ஊழியருக்கோ வெகுகாலம் தாமதித்தது. கேரளத்தில் 2018-இல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2021-இல், 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர் அனைவருக்கும் இருக்கை அளிக்கவேண்டும் என்று விதித்தார்கள்.

இதை அந்தச் சகோதரிக்குச் சொன்னேன். வேலை போய்விடுமோ என்று தனியே கேட்கப் பயந்தார். பிறகு உடன் வேலைசெய்யும் இருவரைச் சேர்த்துக்கொண்டு முதலாளியிடம் போனார். இப்போது கவுன்ட்டருக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் இருக்கின்றன. அங்கே வேலைசெய்கிறவர்கள் பன்னிரண்டு பேர்.