வெட்டுகல் மண்ணில் மலாவி மீன்

ஆப்பிரிக்க சிக்லிட் நம் ஊருக்குப் புதிதல்ல. குளத்தில் வலை வீசினால் அகப்படும் ஜிலேபிக் கெண்டை, அதாவது 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, அந்த இனம்தான். கலங்கல், உப்பு, சாக்கடை எதுவானாலும் அது பிழைத்துக்கொள்ளும். கடைத் தொட்டியில் மஞ்சளும் நீலமுமாக மின்னுகிற மலாவி மீனுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. பாலராமபுரத்துக் கிணற்று நீரில் அப்படியே விட்டால் சாப்பிடும், நீந்தும். நாளாவட்டத்தில் நிறம் வெளுத்து ஒதுங்கும்.

காரணம் நம் மண். இங்கிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வரைக்கும் பெரும்பாலும் வெட்டுகல் பூமி. அதிலிருந்த சுண்ணாம்புச் சத்தை மழை காலங்காலமாகக் கழுவிக்கொண்டு போய்விட்டது. ஆகவே கிணற்று நீர் மென்மையானது, பி.எச். 7-க்குக் கீழே, சில கிணறுகளில் 6-ஐ ஒட்டி நிற்கும். மலாவி ஏரியிலோ 7.7 முதல் 8.6 வரை. தங்கனிக்கா ஏரியில் 9-ஐ நெருங்கும். கிணற்று நீரை இறைத்த உடனே சோதிக்க வேண்டாம். அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு பி.எச்.சைக் குறைத்துக் காட்டும். ஓர் இரவு ஏர் பம்பு போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள்.

புதிதாக மீன் வளர்ப்பவர்கள் பி.எச். எண்ணின் பின்னாலேயே ஓடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம் கே.எச்., அதாவது கார்பனேட் கடினத்தன்மை. தொட்டிக்குள் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். மீன் கழிவின் அம்மோனியாவை ஃபில்டர் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது கே.எச். கரைந்து போகிறது. அது இருக்கும்வரை பி.எச். அசையாது, தீர்ந்த அன்று சரசரவென்று இறங்கும். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். மலாவி ஏரி நீரின் கே.எச். சுமார் 6 அல்லது 7 டிகிரிதான், எட்டாத உயரமில்லை. தங்கனிக்காவுக்குத்தான் 16-க்கு மேல் வேண்டும். இந்த ஊரில் தொடங்குகிறவருக்கு மலாவியே போதும் என்பது என் கட்சி.

வழி எளிது. தண்ணீர் மாற்றும் வாளியில் சமையல் சோடாவைக் கரைப்பது. இங்கே கடையில் அப்பக்காரம் என்று கேளுங்கள். 20 லிட்டர் வாளிக்கு அரை டீஸ்பூன் போட்டால் கே.எச். ஏறக்குறைய 4 டிகிரி ஏறும். துணி துவைக்கும் சோடாவை எடுத்துவிடாதீர்கள், அது பி.எச்.சை முரட்டுத்தனமாகத் தூக்கும். பொதுக் கடினத்துக்கு மெடிக்கல் கடையில் கிடைக்கும் பேதி உப்பு அதே அளவு போதும். கறியுப்பு இதற்கு உதவாது. மலாவி ஏரி நன்னீர் ஏரி.

பக்கத்துத் தெருத் தம்பி ஒருநாள் வந்தான். "அண்ணா, அப்பக்காரம் போட்ட பிறகுதான் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குது." பல வாரமாகத் தண்ணீர் மாற்றாத தொட்டியில் நேராகக் கொட்டியிருந்தான். அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். விஷமாகிற வடிவம் பி.எச். 7-இல் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, 8.3-இல் நூற்றில் பத்துப் பங்குக்கு மேல். அழுக்கு அப்படியே இருக்க பி.எச்.சை மட்டும் ஏற்றினால், அதுவரை சும்மா கிடந்த அம்மோனியா கடிக்கத் தொடங்கும். முதலில் கால் பங்கு நீரை மாற்றச் சொன்னேன், மறுநாள் இன்னொரு கால் பங்கு. சோடா வாளியோடு மட்டும், மெல்ல மெல்ல. மலாவி மீன்களை ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கக் கொஞ்சம் நெருக்கமாக வளர்ப்பதால் கழிவும் அதிகம். வாரம் தவறாமல் 30 சதவீத நீர் மாற்றுவதற்கு எந்தப் பாட்டில் மருந்தும் ஈடாகாது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினைப் போக்கிய பிறகே ஊற்றுங்கள்.

ஃபில்டருக்குள் ஒரு வலைப்பையில் நொறுக்கிய சிப்பி ஓடு போட்டு வைத்திருக்கிறேன். நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்தது. தண்ணீர் அமிலமாகும்போது அது தானாகக் கொஞ்சம் கரைந்து கொடுக்கும். ஆனால் அதை மட்டும் நம்பினால் பி.எச். எட்டைத் தாண்டுவது சிரமம். கடற்கரையில் பவளம் பொறுக்கும் யோசனை வேண்டாம், பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அலங்கார மரக்கட்டை, காய்ந்த பாதாம் இலை இரண்டும் நீரை அமிலமாக்கும். ஃபைட்டர் மீன் வளர்ப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இடவப்பாதி மழையும் துலாவருஷ மழையும் வந்தால் கிணற்று நீர் மாறும். கோடையில் பார்த்த அளவை ஐப்பசியில் நம்பக் கூடாது. மழை மாதங்களில் நான் வாளிக்கு வாளி சோதித்துத்தான் சோடாவைக் கூட்டுவேன். ஹீட்டர் இங்கே தேவைப்படாது. கோடையில்தான் தொல்லை. 30 டிகிரிக்கு மேல் போனால் நீரில் ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பு கலங்குகிற மாதிரி பம்பைத் திருப்பி வையுங்கள், தீனியைக் குறையுங்கள். துலாவருஷத்து இடியோடு கரண்டும் போகும். பேட்டரி ஏர் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் மணிக்கணக்கில் நின்றுவிட்டால், கரண்ட் வந்ததும் தானாக ஓட விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கிய நாற்ற நீரைக் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசிப் போட்டு, அப்புறம் சுவிட்சைத் தட்டுங்கள்.